மிக்கோனோஸ் தீவில் ஒரு கோடை வாரம்: முதன்முறை செல்வோருக்கான வழிகாட்டி

ஏஜியன் கடலின் நடுவே, சிக்லேட்ஸ் தீவுக்கூட்டத்தில் இருக்கும் மிக்கோனோஸ் ஏறத்தாழ 85 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சிறிய தீவு. நிரந்தரமாகக் குடியிருப்பவர்கள் பத்தாயிரத்துச் சொச்சம் பேர்தான். ஆனால் ஜூலை பிறந்துவிட்டால், கப்பலிலும் விமானத்திலும் வந்து இறங்குவோரால் அந்தச் சின்ன ஊரின் சந்துகள் நள்ளிரவு தாண்டியும் நிரம்பியிருக்கும். இசை, நடனம், கடலோர விருந்து, விடியும்வரை அணையாத விளக்கு என்று கிரேக்கத் தீவுகளிலேயே கலகலப்புக்குப் பெயர் பெற்றது இது. அதற்குப் பக்கத்திலேயே, காவலர்களையும் அகழாய்வாளர்களையும் தவிர வேறு யாரும் இரவு தங்க முடியாத டெலோஸ் என்னும் புண்ணியத் தீவும் இருக்கிறது. இவை இரண்டையும் ஒரே வாரத்தில் பார்த்துவிடலாம் என்பதால்தான் கேட்பவர்களுக்கெல்லாம் மிக்கோனோஸை நான் பரிந்துரைக்கிறேன்.

முதன்முறை போகிறவர்கள் பெரும்பாலும் விமானச் சீட்டை முதலில் வாங்கி, பிறகு விடுதியைப் பிடித்து, கப்பலைக் கடைசிக்கு வைத்துக்கொள்கிறார்கள். இந்தத் தீவுக்கு அந்த வரிசை ஒத்துவராது. இங்கே காற்றைக் கேட்டுத்தான் எதையும் முடிவு செய்ய வேண்டும். எந்த மாதம் போவது, எங்கே தங்குவது, திரும்பும் கப்பலுக்கும் விமானத்துக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது, இன்றைக்கு எந்தக் கடற்கரையில் குளிப்பது ஆகிய எல்லாமே அதைப் பொறுத்தவை.

முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள்

நமக்கு வாடைக்காற்று என்றால் மார்கழிக் குளிர்தான் நினைவுக்கு வரும். ஏஜியன் கடலிலோ வாடை அடிப்பது கோடையில். ஜூலையிலும் ஆகஸ்ட்டிலும் வடக்கிலிருந்து நாள்கணக்காக வீசும் இந்தக் காற்றுக்கு மெல்தெமி என்று பெயர். பண்டைய கிரேக்கர்கள் ஆண்டுதோறும் தவறாமல் வருவது என்ற பொருளில் எடீசியன் காற்று என்றார்கள். பால்கன் பகுதியில் காற்றழுத்தம் உயர்ந்தும் துருக்கிக்கு மேல் தாழ்ந்தும் இருப்பதே இதற்குக் காரணம். நம் தென்மேற்குப் பருவக்காற்றை உள்ளிழுக்கும் அதே கோடைக்காலத் தாழ்வழுத்தத்தின் மேற்கு விளிம்புதான் துருக்கி வரை நீண்டு கிடக்கிறது. அங்கே தொப்பியைப் பறிக்கும் காற்றுக்கும் இங்கே கேரளத்தில் பெய்யும் மழைக்கும் இப்படி ஓர் உறவு உண்டு.

மெல்தெமி மேகத்தோடு வருவதில்லை. வானம் துடைத்துவிட்டாற்போல் நீலமாக இருக்க, முற்பகலில் மெல்லத் தொடங்கும் காற்று பிற்பகலில் உச்சத்தைத் தொட்டு, பெரும்பாலும் இரவில் தணியும். ஒருமுறை பிடித்தால் மூன்று நான்கு நாள் நீடிப்பதும் உண்டு. இதன் புண்ணியத்தால் ஜூலை வெயில்கூட 27, 28 டிகிரிக்கு மேல் அதிகம் ஏறுவதில்லை. ஏதென்ஸ் நகரம் 35 டிகிரியில் தகிக்கும்போதும் மிக்கோனோஸில் நிழலில் உட்கார முடியும். ஆனால் வெயில் உறைக்கவில்லை என்று ஏமாந்து தோல் வெந்துபோனவர்களை அங்கே தினமும் பார்க்கலாம்.

கலகலப்பு முழு வீச்சில் வேண்டுமென்றால் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் இறுதிவரை செல்லலாம்; கூட்டமும் விலையும் காற்றும் சேர்ந்தே உச்சத்தில் இருக்கும். முதன்முறை செல்வோருக்கு நான் சொல்வது ஜூன் பிற்பாதி அல்லது செப்டம்பர் முதல் மூன்று வாரங்கள். இசை ஓயாது, கடைகள் மூடியிருக்காது, அறை வாடகை மட்டும் கணிசமாக இறங்கியிருக்கும். இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியுமென்றால் செப்டம்பரைச் சொல்வேன். கோடை முழுவதும் வெயில் வாங்கிய கடல் அப்போது 24 டிகிரி அளவில் இருக்கும். மே மாதத்துக் கடல் பார்க்க அழகாக இருந்தாலும் இறங்கினால் உடல் நடுங்கும்.

ஒரு தேதியை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் 15 அன்னை மரியாளின் விண்ணேற்புத் திருநாள். கிரேக்கர்களுக்கு அது கோடையின் மிகப் பெரிய விழா, அரசு விடுமுறை. மிக்கோனோஸுக்கு அடுத்தே இருக்கும் தினோஸ் தீவின் எவாங்கெலிஸ்திரியா ஆலயத்தில், 1823இல் கண்டெடுக்கப்பட்ட திருவுருவத்தைத் தரிசிக்க அன்று பெருங்கூட்டம் கூடுகிறது. துறைமுகத்திலிருந்து ஆலயம் வரை மேட்டுச் சாலையில் முழங்காலிட்டே ஊர்ந்து செல்வோர் பலர். அந்த நாளுக்கு முன்னும் பின்னும் ஒரு வாரத்துக்கு இரு தீவுகளுக்கும் பொதுவான கப்பல்களில் இடம் கிடைப்பது அரிது. விழாவையே காணச் செல்பவர்கள் பல மாதங்களுக்கு முன்பே சீட்டு எடுத்துவிட வேண்டும். மற்றவர்கள் அந்த வாரத்தைத் தவிர்ப்பதே நல்லது.

அடுத்து, எங்கே தங்குவது

ஐந்து இரவுகள் போதும் என்பது என் கணக்கு. மூன்று இரவு மட்டும் தங்கினால், காற்று ஒரு நாளைப் பறித்துக்கொண்டதும் கையில் ஒன்றும் மிஞ்சாது. ஏழுக்கு மேல் தங்க விரும்புவோர் பாதி நாட்களைப் பக்கத்திலுள்ள நாக்ஸோஸுக்கோ பாரோஸுக்கோ கொடுக்கலாம்.

தலைநகரை உள்ளூரார் ஹோரா என்பார்கள். ஊர் என்றுதான் அந்தச் சொல்லுக்குப் பொருள். இரவு வாழ்க்கைக்காகவே செல்பவர்கள் ஹோராவில் தங்க வேண்டும், இல்லையேல் பின்னிரவில் வாடகை வண்டிக்காகக் காத்திருப்பதிலேயே விடுமுறை கழியும். ஆனால் ஊருக்குள் கார் நுழையாது. கல் பாவிய சந்துகளில், படிகளில், பெட்டியை நீங்களே இழுத்துச் செல்ல வேண்டியிருக்கும். மதுக்கூடங்கள் நிறைந்த சந்தில் அறை எடுத்தால் காலை நான்கு மணி வரை தூக்கம் வராது. ஊரின் விளிம்பில், நடந்து ஐந்து பத்து நிமிடத்தில் மையத்தை அடையும் தொலைவில் அறை பிடிப்பதே சரியான நடுவழி. முதியவர்களோடும் குழந்தைகளோடும் செல்பவர்களுக்கு ஊர்னோஸ், பிளாத்திஸ் யாலோஸ் ஆகிய தென்கரைக் கடற்கரைகள் உகந்தவை. ஆழமில்லாத அமைதியான நீர், அறைக்கு அருகிலேயே உணவகம், ஊருக்குப் பேருந்து என்று எல்லாம் அங்கே இருக்கின்றன. செலவைக் குறைக்க நினைப்போர் தீவின் நடுவிலுள்ள ஆனோ மேரா கிராமத்தையும் பார்க்கலாம்.

அறையின் சன்னல் எந்தத் திசையைப் பார்க்கிறது என்று முன்பதிவுக்கு முன் கேளுங்கள். வடக்கு நோக்கிய மாடம் படத்தில் எவ்வளவு அழகாகத் தெரிந்தாலும் மெல்தெமி அடிக்கும் நாளில் அங்கே ஒரு தேநீர்க் கோப்பையைக்கூட வைக்க முடியாது. துறைமுகத்திலிருந்து விடுதியே வண்டி அனுப்புமா என்பதையும் எழுத்தில் உறுதிசெய்துகொள்ளுங்கள். தீவில் டாக்சிகள் மிகக் குறைவு என்பதால் இந்த ஒரு கேள்வி உங்களுக்கு ஒரு மணி நேரத்தை மிச்சப்படுத்தும்.

முன்பதிவுத் தளம் காட்டும் விலையில் அடங்காத அரசுக் கட்டணம் ஒன்று உண்டு. பருவநிலைப் பாதிப்புகளைச் சமாளிக்க விதிக்கப்படும் இது, 2025 விகிதப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அறை ஒன்றுக்கு, இரவு ஒன்றுக்கு, இரு நட்சத்திர விடுதி வரை 2 யூரோ, மூன்று நட்சத்திரத்தில் 5, நான்கில் 10, ஐந்தில் 15 யூரோ. விடுதியிலேயே நேரில் கட்ட வேண்டும்.

விசா

இந்திய, இலங்கைக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தேவை. ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, நார்வே போன்ற ஷெங்கன் நாடுகளில் வதிவிட அனுமதி உள்ளோருக்கு அது வேண்டியதில்லை; பிரிட்டனில் வசித்துக்கொண்டு இந்த இரு நாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போருக்கு வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம். 15 நாட்களுக்குக் குறையக் கூடாது. 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ கட்டணம். குறைந்தது 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். கோடையில் விண்ணப்ப மையங்களில் நேரம் கிடைப்பதே கடினம் என்பதால் மார்ச், ஏப்ரலிலேயே இதை முடித்துவிடுங்கள். விசா கைக்கு வரும்வரை, பணம் திருப்பித் தரக்கூடிய அறைகளை மட்டுமே பதிவு செய்யுங்கள்.

கப்பல்

ஏதென்ஸிலிருந்து மிக்கோனோஸுக்கு விமானத்தில் நாற்பது நிமிடம்தான். இருந்தாலும் முதல்முறை கப்பலில் போவதே அழகு. ஏதென்ஸ் பக்கம் இரண்டு முக்கியத் துறைமுகங்கள் இருக்கின்றன. பிரேயஸ் பெரியது; விமான நிலையத்திலிருந்து மெட்ரோ மூன்றாம் தடத்தில் ஏறினால் மாறாமலேயே ஒரு மணி நேரத்தில் போய்விடலாம், இரவில் இறங்குவோருக்கு எக்ஸ்96 பேருந்து உண்டு. ரஃபினா சிறியது, விமான நிலையத்துக்கு அருகில் இருப்பது, மிக்கோனோஸுக்கும் தொலைவு குறைவு. விமானத்திலிருந்து இறங்கி நேரே தீவுக்குப் போவோருக்கு ரஃபினாவும், ஏதென்ஸில் ஓரிரு நாள் தங்கிச் செல்வோருக்குப் பிரேயஸும் பொருத்தம். இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டு தவறான துறைமுகத்தில் போய் நிற்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். சீட்டில் துறைமுகத்தின் பெயரைப் படித்து, வாயில் எண்ணையும் முந்தைய நாளே பார்த்துக்கொள்ளுங்கள்.

பிரேயஸிலிருந்து மிக்கோனோஸ் ஏறத்தாழ 94 கடல் மைல். பெரிய சாதாரணக் கப்பலுக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். விரைவுக் கப்பல் மூன்று மணி நேரத்துக்குள் சேர்த்துவிடும், கட்டணம் நன்றாகவே கூடுதல். காற்று அடிக்கும் நாளில் விரைவுக் கப்பல் குலுங்குவதை வயிறு தாங்காது. எனக்குப் பெரிய கப்பல்தான் பிடிக்கும். மேல்தளத்தில் நின்று தீவுகள் ஒவ்வொன்றாக நீருக்கு மேல் எழுவதைப் பார்த்தபடி போவது பயணத்தின் பாதி இன்பம்.

இறங்கும் முறையை முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள், ஏனெனில் அதைப் பார்த்துப் பலர் திகைத்துப்போகிறார்கள். கப்பல் வழியில் சிரோஸ், தினோஸ் போன்ற தீவுகளைத் தொட்டுச் செல்லும்; ஒவ்வோர் இடத்திலும் சில நிமிடங்களே நிற்கும். தினோஸ் தாண்டியதும் அடுத்த அரை மணியில் மிக்கோனோஸ் வந்துவிடும் என்று வைத்துக்கொண்டு, அறிவிப்பு வந்தவுடன் அடித்தளத்துக்கு இறங்கிவிட வேண்டும். லாரிகளும் கார்களும் நிற்கும் அந்த இடத்தில், ஊர்ப்பெயர் எழுதிய இரும்பு அடுக்குகளில் நீங்கள் ஏறும்போது வைத்த பெட்டி இருக்கும். டீசல் மணம், எந்திரங்களின் அதிர்வு, நெருங்கி நிற்கும் கூட்டம். கப்பல் இன்னும் பின்னோக்கி நகர்ந்துகொண்டிருக்கும்போதே பின்பக்க இரும்புக் கதவு சங்கிலிச் சத்தத்தோடு சாயத் தொடங்கும். இருட்டுக்குள் வெள்ளை வெயிலும் உப்புக்காற்றும் ஒன்றாக வந்து முகத்தில் அடிக்கும். கதவு தரையைத் தொட்டதும் எல்லாரும் நடப்பார்கள், கூடவே நீங்களும் நடந்துவிட வேண்டியதுதான்.

பெரும்பாலான கப்பல்கள் வந்து நிற்பது தூர்லோஸ் என்ற இடத்திலுள்ள புதிய துறைமுகம். ஹோராவிலிருந்து அது சுமார் இரண்டு கிலோமீட்டர். ஊரை ஒட்டியிருக்கும் பழைய துறைமுகம் வேறு. இரண்டுக்கும் இடையே பேருந்தும், கடல்பேருந்து எனப்படும் சிறு படகும் ஓடுகின்றன. பெட்டி சிறிதாக இருந்தால் படகிலேயே போங்கள்; ஊரை முதன்முதலில் கடலிலிருந்து பார்ப்பதுபோல் வராது.

இப்போது முக்கியமான எச்சரிக்கை. காற்றின் வேகத்தை அளக்கும் போஃபோர்ட் அளவுகோலில் காற்று பொதுவாக 8ஐ எட்டினால் துறைமுக அதிகாரிகள் கப்பல்களை நிறுத்திவைக்கிறார்கள். சிறிய விரைவுக் கப்பல்கள் அதற்கு முன்பே நின்றுவிடும். இந்தத் தடைக்குக் கிரேக்கத்தில் அபகொரெஃப்திகோ என்று பெயர். என் முதல் பயணத்தில் காலைக் கப்பலுக்கும் அதே நாள் இரவு விமானத்துக்கும் ஒரு முகவரிடம் ஒன்றாகச் சீட்டு எடுத்திருந்தேன். அவர் ஒரு வார்த்தை எச்சரிக்கவில்லை. கேட்கவேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. அன்று விடியற்காலையில் தடை வந்தது. மேகமே இல்லாத வானத்தின் கீழ், நுரைத்துக் கிடந்த கடலைப் பார்த்தபடி துறைமுகத்தில் நாள் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். கப்பல் கட்டணம் திரும்பக் கிடைத்தது, விமானச் சீட்டுப் பணம் போனது போனதுதான். ஆகவே, நாடு திரும்பும் விமானத்துக்கு முந்தைய இரவை ஏதென்ஸில் கழிக்கும்படி திட்டமிடுங்கள். ஜூலை, ஆகஸ்ட்டில் இரண்டு இரவு ஒதுக்கினாலும் மிகையில்லை. அந்த நாளில் காற்று அடிக்காவிட்டால் அக்ரோபொலிஸ் இருக்கவே இருக்கிறது.

தீவுக்குள் போய்வருவது

அரசு உரிமம் பெற்ற கேட்டெல் பேருந்துகள் மலிவானவை, நம்பகமானவை. ஹோராவில் இரண்டு நிறுத்தங்கள் உண்டு. ஊரின் தெற்கிலுள்ள ஃபாப்ரிகாவிலிருந்து ஊர்னோஸ், பிளாத்திஸ் யாலோஸ், பராகா, பாரடைஸ் கடற்கரைகளுக்கும், பழைய துறைமுகத்திலிருந்து ஆனோ மேரா, எலியா, கலஃபாத்திஸ் பக்கங்களுக்கும் வண்டிகள் புறப்படுகின்றன. உச்சப் பருவத்தில் பாரடைஸ் பேருந்து நள்ளிரவு தாண்டியும் ஓடும். பிளாத்திஸ் யாலோஸிலிருந்து தென்கரை நெடுகப் படகுகளும் செல்கின்றன; காலையில் ஒரு கடற்கரை, மாலையில் இன்னொன்று என்று படகிலேயே சுற்றலாம்.

இரு சக்கர வண்டியும் நான்கு சக்கர மோட்டார் சைக்கிளும் தெருவுக்குத் தெரு வாடகைக்குக் கிடைக்கும். இந்திய உரிமத்தோடு சர்வதேச ஓட்டுநர் அனுமதியும் வேண்டும்; வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ளுங்கள். அது இல்லாமலே வண்டி தரும் கடைக்காரர் இருக்கலாம், ஆனால் விபத்து நேர்ந்தால் காப்பீடு கைவிரித்துவிடும். அங்கே வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, சாலைகள் குறுகலானவை, வளைவுகளில் மணல் கிடக்கும், திடீர்க் காற்று பக்கவாட்டில் தள்ளும். கையில் கட்டும் முட்டியில் சிராய்ப்புமாகத் திரியும் இளைஞர்களை அந்தத் தீவில் நிறையவே பார்த்திருக்கிறேன். நான்கு சக்கரம் என்பதால் பாதுகாப்பு என்று நம்பாதீர்கள். குடும்பமாகச் செல்பவர்கள் ஒரே ஒரு நாளுக்குச் சிறிய கார் எடுத்து வடகரையைச் சுற்றிவிட்டு, மற்ற நாட்களுக்குப் பேருந்தையே நம்பலாம்.

ஒரு நாளை எப்படி அமைப்பது

கிரேக்கர்கள் மதிய உணவை இரண்டு மணிக்கு மேலும், இரவு உணவை ஒன்பது, பத்து மணிக்கும் உண்கிறார்கள். நடனக்கூடங்கள் நள்ளிரவுக்குப் பிறகே களைகட்டும். நம்மூர் வழக்கப்படி எட்டு மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்கு நடனக்கூடத்துக்குப் போனால் வெறும் நாற்காலிகள்தான் வரவேற்கும். கலகலப்பை முழுமையாக அனுபவிக்க விரும்பினால் பிற்பகலில் தூங்கிவிடுங்கள். கோடையில் பிற்பகல் மூன்றிலிருந்து ஐந்தரை வரை அந்நாட்டில் சட்டப்படியே அமைதி நேரம்.

ஆனால் ஒரு நாளாவது காலை ஏழு மணிக்கு ஹோராவுக்குள் நடங்கள். இரவு முழுவதும் ஆடிய ஊர் அப்போதுதான் உறங்கப் போயிருக்கும். மாத்தோயான்னி தெருவின் கற்களைக் கழுவி விட்டிருப்பார்கள். கற்களுக்கு இடையே பூசிய வெள்ளைச் சுண்ணாம்புக் கோடுகள் ஈரத்தில் பளிச்சிடும். பழைய துறைமுகத்தின் ஓரத்தில் சலவைக்கல் மேடைகள் இருக்கின்றன. விடிகாலையில் வந்த மீனவர்கள் அவற்றின் மேல் மீனைக் கொட்டி, பாட்டிமாரிடம் விலை பேசிக்கொண்டிருப்பார்கள். பக்கத்து மேடையில் தக்காளியும் கத்தரியும் பூசணிப்பூவும். கத்தி செதில் சீவும் ஓசை, கல்லின் மேல் ஓடும் நீர், காலடியில் பூனைகள். அதிர்ஷ்டம் இருந்தால் ஊரின் செல்லப்பிள்ளையான பெலிக்கன், அதாவது கூழைக்கடா, மீனுக்காக வந்து நிற்கும். 1958இல் புயலில் அடிபட்டுக் கரை சேர்ந்த பெத்ரோஸ் என்ற பெலிக்கனை ஊரார் வளர்த்தார்கள். அது 1985இல் இறந்த பிறகும் அந்த வழக்கம் தொடர்கிறது. எட்டரைக்கு வெயில் ஏறியதும் எல்லாம் கலைந்துவிடும்.

அந்த நடையிலேயே பாராபோர்த்தியானி தேவாலயத்தையும் பார்த்துவிடலாம். ஐந்து சிறு தேவாலயங்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஒன்றின் தலைமேல் இன்னொன்று ஏறி, மூலைகளே இல்லாத வெள்ளைக் கட்டியாக நிற்கிறது அது. 15ஆம் நூற்றாண்டில் தொடங்கிய கட்டுமானம் 17ஆம் நூற்றாண்டுவரை நீண்டதாம். அங்கிருந்து சின்ன வெனிஸ் என்று அழைக்கப்படும் கரை வழியாகக் காற்றாலைகள் இருக்கும் மேட்டுக்கு ஏறலாம். ஒரு காலத்தில் தானியம் அரைத்த அந்த ஆலைகள், காற்றைச் சபிக்காமல் அதை வைத்தே இத்தீவார் பிழைத்த கதையைச் சொல்கின்றன. மாலையில் சூரியன் மறைவதைக் காண எல்லாரும் அங்கேதான் கூடுவார்கள். ஜூலையில் எட்டரை மணிக்கு மேல்தான் மறையும்.

கடற்கரைக்கு விதி எளியது. வடக்குக் காற்று பலமாக இருந்தால் தெற்கே போங்கள். காற்று ஓய்ந்திருந்தால் வடக்கே போங்கள். தெற்கிலுள்ள பிளாத்திஸ் யாலோஸ், பராகா, எலியா போன்றவற்றைக் குன்றுகள் காற்றிலிருந்து மறைக்கின்றன. இசையும் நடனமும் வேண்டுவோர்க்குப் பாரடைஸ், சூப்பர் பாரடைஸ் இரண்டும் பிற்பகலில் தொடங்கிவிடும். ஒருபாலீர்ப்பினரைப் பல பத்தாண்டுகளாக மனதார வரவேற்கும் ஊர் இது. யாரும் யாரையும் உற்றுப் பார்ப்பதில்லை, நாமும் பார்க்க வேண்டாம். வடக்கிலுள்ள அயியோஸ் சோஸ்திஸில் வாடகைக் குடையோ படுக்கையோ கிடையாது. தண்ணீரும் உணவும் எடுத்துக்கொண்டு காற்றில்லாத ஒரு காலையில் அங்கே போங்கள்; எனக்கு இத்தீவில் மிகவும் பிடித்த கடற்கரை அதுதான். ஃப்தேலியாவிலும் கலஃபாத்திஸிலும் காற்றுப் பாய்ப்பலகை ஓட்டுவோர் மெல்தெமிக்காகவே காத்திருப்பார்கள்.

பெயர்பெற்ற கடற்கரைகளில் ஒரு குடையும் இரண்டு படுக்கைகளும் நூறு யூரோவைத் தாண்டுவது சாதாரணம். உட்காரும் முன் விலையைக் கேளுங்கள். துண்டை விரித்து உட்காரவும் உங்களுக்கு உரிமை உண்டு. கிரேக்கத்தில் கடற்கரை பொதுச்சொத்து. 2023இல் பாரோஸ் தீவு மக்கள், படுக்கைகள் கரையை விழுங்கிவிட்டன என்று துண்டுகளோடு வீதிக்கு வந்து போராடினார்கள். 2024இல் வந்த சட்டப்படி நீர்விளிம்பிலிருந்து குறைந்தது நான்கு மீட்டருக்குப் படுக்கை போடக் கூடாது.

டெலோஸுக்கு ஒரு காலை

பழைய துறைமுகத்திலிருந்து காலையில் புறப்படும் படகு அரை மணியில் டெலோஸ் சேர்க்கும். இதைக் கடைசி நாளுக்குத் தள்ளிப்போடாதீர்கள். தீவில் இறங்கிய பிறகு காற்று குறைவாக இருக்கும் முதல் காலையிலேயே போய்விடுங்கள், ஏனெனில் மெல்தெமி பிடித்தால் படகு நின்றுவிடும்.

அப்பல்லோ, ஆர்த்தமிஸ் என்னும் தெய்வங்கள் பிறந்த இடம் என்று கிரேக்கர்கள் போற்றிய தீவு இது. கிமு 426இல் ஏதென்ஸ்காரர்கள் இங்கிருந்த கல்லறைகளையெல்லாம் தோண்டி எடுத்துப் பக்கத்துத் தீவுக்கு மாற்றி, இனி இங்கே யாரும் பிறக்கவோ இறக்கவோ கூடாது என்று விதித்தார்கள். பிறகு, ரோமர்களின் ஆதரவில் கிமு 2ஆம் நூற்றாண்டில் சுங்கமில்லாத் துறைமுகமாகிப் பெரும் வணிக நகரமாக வளர்ந்தது. அடுத்த நூற்றாண்டில் நேர்ந்த சூறையாடல்களுக்குப் பின் மெல்ல வெறிச்சோடியது. இன்று அந்த முழு நகரமும் வானத்தின் கீழ் திறந்து கிடக்கிறது. நாக்ஸோஸ் சலவைக்கல்லில் செதுக்கிய சிங்கங்களின் வரிசையைப் பாருங்கள். வெளியே நிற்பவை பிரதிகள், கிமு 7ஆம் நூற்றாண்டின் மூலச் சிற்பங்களை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கிறார்கள். சிறுத்தையின் மேல் அமர்ந்த மதுத் தெய்வம் டயோனிசஸின் தரைச்சித்திரம் உள்ள வீட்டையும், அரங்கத்தில் விழும் மழைநீரைத் தேக்கிய தொட்டியையும் தவறவிடாதீர்கள். முடிந்தால் 112 மீட்டர் உயரமுள்ள கிந்தோஸ் குன்றில் ஏறுங்கள். சிக்லேட்ஸ் தீவுகள் டெலோஸைச் சுற்றி வட்டமாக இருப்பதால்தான் அப்பெயர் பெற்றன. வட்டம் என்ற அந்தச் சொல்லின் பொருள் குன்றின் உச்சியில் நின்றால் கண்ணுக்கே புலப்படும்.

தீவில் நிழல் என்பதே இல்லை. ஆளுக்கு ஒன்றரை லிட்டர் நீர், கயிறு கட்டிய தொப்பி, வழுக்காத காலணி அவசியம். மூன்று மணி நேரமாவது ஒதுக்குங்கள். திரும்பிய மாலையில் மிக்கோனோஸ் தொல்பொருள் அருங்காட்சியகத்துக்கும் ஒரு நடை போகலாம். 1961இல் இத்தீவில் கிணறு தோண்டும்போது கிடைத்த பெரிய தாழி ஒன்று அங்கே இருக்கிறது. அதன் கழுத்தில் டிராய் நகரத்து மரக்குதிரை, கால்களில் சக்கரத்தோடும், வயிற்றுச் சன்னல்கள் வழியே எட்டிப்பார்க்கும் வீரர்களோடும் செதுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குதிரையின் மிகப் பழைய உருவங்களில் ஒன்று அது.

உணவும் ரசீதும்

சைவ உணவுக்காரர்கள் அஞ்ச வேண்டாம். கிரேக்க மரபுவழித் திருச்சபையில் நோன்பு நாட்கள் அதிகம் என்பதால் இறைச்சியும் பாலும் முட்டையும் சேராத சமையலுக்கு அங்கே நீண்ட மரபு உண்டு. நிஸ்திசிமோ என்று கேட்டால் நோன்பு உணவைக் காட்டுவார்கள். ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து 14 வரையும் நோன்புக் காலமே. ஆனால் அந்த உணவில் கணவாயும் இறாலும் இருக்கலாம் என்பதால், ஹோரிஸ் க்ரேயாஸ், ஹோரிஸ் ப்சாரி என்று சேர்த்துச் சொல்லுங்கள். இறைச்சி இல்லாமல், மீன் இல்லாமல் என்று பொருள், கடலுயிர் எதுவுமே வேண்டாம் என்பதையும் விளக்கிவிடுங்கள். மஞ்சள் பருப்பைக் கடைந்து எண்ணெயும் வெங்காயமும் இட்ட ஃபாவா நம் நாக்குக்கு உடனே பழகிவிடும். அரிசி அடைத்த தக்காளி, ஆலிவ் எண்ணெயில் வெந்த பீன்ஸ், அடுப்பில் சுட்ட பெரிய வெள்ளை அவரை, சுரைக்காய் வகையில் செய்த வடை ஆகியவை எல்லா எளிய உணவகங்களிலும் கிடைக்கும். மிக்கோனோஸில் பெயர் பெற்றது கோப்பனிஸ்தி என்னும் காரமான பாலாடைக்கட்டி. வாற்கோதுமை ரஸ்க்கின் மேல் அதையும் தக்காளியையும் வைத்துத் தருவார்கள். உலர்த்திய பன்றியிறைச்சியான லூசாவும், பாதாம் இனிப்பும் இத்தீவின் மற்றப் பெருமைகள்.

விலைப்பட்டியல் வாசலிலேயே இருக்க வேண்டும் என்பது அங்கே விதி. அது இல்லாத கடலோர உணவகத்தில், பணியாளர் எவ்வளவு அன்பாக அழைத்தாலும், உட்காராதீர்கள். மீன் பெரும்பாலும் கிலோ கணக்கில் விற்கப்படுவதால் சமைக்கும் முன் எடைபோட்டு விலையைச் சொல்லச் சொல்லுங்கள். முறையான ரசீது தராவிட்டால் வாடிக்கையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை என்று விலைப்பட்டியல்களிலேயே அச்சிட்டிருப்பார்கள். கடற்கரையிலிருந்து இரண்டு தெரு உள்ளே தள்ளிச் சாப்பிட்டால் செலவு பாதியாகும். அட்டை எங்கும் செல்லும். பேருந்துக்கும் படகுக்கும் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டியில் வைக்க வேண்டியவை

பெட்டி சிறிதாக இருக்கட்டும். மாலைக் காற்றுக்கு ஒரு மெல்லிய மேலாடை, கூழாங்கல் நிறைந்த கடற்கரைகளிலும் கடல்முள்ளிகள் உள்ள இடங்களிலும் போட ரப்பர் காலணி, வெயில் களிம்பு, கப்பல் குமட்டலுக்கான மாத்திரை, மடங்களுக்குள் செல்லத் தோளையும் முழங்காலையும் மறைக்கும் ஆடை ஆகியவை போதும். குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், பாட்டில் நீரே குடியுங்கள். கழிவறைக் காகிதத்தைத் தொட்டிக்குள் போடாமல் பக்கத்திலிருக்கும் கூடையில் போட வேண்டும். குழாய்கள் குறுகியவை, அடைத்துக்கொள்ளும். பச்சைச் சிலுவை ஒளிரும் இடம் மருந்துக்கடை. எந்த அவசரத்துக்கும் 112 என்ற எண்ணை அழைக்கலாம்; ஆம்புலன்சுக்கு 166, கடலோரக் காவலுக்கு 108.

புறப்படுவதற்கு முந்தைய மாலையில் கப்பல் நிறுவனத்தின் அறிவிப்பையும் மறுநாள் காற்றின் வேகத்தையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். தடை வரும் என்று விடுதிக்காரர் சொன்னால் அவர் சொல்லை நம்பி, அன்றிரவே கிளம்பும் கப்பலில் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் அறையை ஓர் இரவு நீட்டித்துக்கொண்டு, தெற்குக் கரையில் இன்னும் ஒரு நாள் குளிக்கலாம்.